கையெழுத்து கட்சிக்கா, வேட்பாளருக்கா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸ் மாநிலத்தில் ஃப்ரிஸ்கோ நகரில் வசிக்கிறோம். நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டேன். என் மனைவியிடம் கிரீன் கார்டு இருக்கிறது. 2028 அதிபர் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளையும் சாராத ஒருவரை நிறுத்தப்போவதாகச் சொல்லும் ஒரு புதிய அமைப்பினர் எங்கள் குடியிருப்பில் வீடு வீடாக வந்து பேசினார்கள். வேட்பாளர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லையாம். நேரம் வரும்போது வாக்குச்சீட்டில் இடம் கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும், முடிந்தால் பிறரிடமும் வாங்கித் தர வேண்டும், நன்கொடையும் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் அவர்களுக்கே ஓட்டுப் போட வேண்டுமா? பிரைமரியில், அதாவது கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில், ஓட்டுப் போடுவதற்குத் தடை வருமா? என் மனைவியும் கையெழுத்துப் போடலாமா?

பதில்: முதல் கேள்விக்கு விடை எளிது. கையெழுத்துப் போட்டவர் நவம்பர் தேர்தலில் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். அந்த அமைப்புக்குப் போடாமலும் இருக்கலாம். இரண்டாவது கேள்விக்கு, டெக்சாஸைப் பொறுத்தவரை, 'ஆம், தடை வரும்' என்பதே விடை. உங்கள் மனைவி கையெழுத்துப் போடவே கூடாது. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே வாக்குச்சீட்டு கிடையாது. கூட்டரசுத் தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருந்தாலும் அது பார்ப்பது தேர்தல் பணத்தின் கணக்கு வழக்கைத்தான். யாருடைய பெயர் சீட்டில் அச்சாக வேண்டும் என்பதை ஐம்பது மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தத்தம் சட்டப்படி தீர்மானித்துக்கொள்கின்றன. டென்னசியில் ஒரு சுயேச்சை அதிபர் வேட்பாளருக்கு 275 வாக்காளர்களின் கையெழுத்து இருந்தால் போதும். அதே டென்னசியில் புதிய கட்சியாக வர விரும்பினால், கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான ஓட்டுகளில் 2.5 விழுக்காட்டுக்குச் சமமான கையெழுத்துகள் வேண்டும். நியூயார்க்கில் 2020 வரை 15,000 கையெழுத்து கேட்டார்கள். பிறகு அதை 45,000 ஆக்கி, ஆறே வாரத்தில் திரட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 2024-இல் அந்த மாநிலத்தின் அதிபர் வாக்குச்சீட்டில் இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களைத் தவிர வேறு பெயரே அச்சாகவில்லை.

உங்களிடம் வந்தவர்கள் எந்த வழியில் போகிறார்கள் என்பதுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது. சுயேச்சை வேட்பாளருக்கான மனு என்றால் அதில் அதிபர் வேட்பாளரின் பெயர் இருந்தாக வேண்டும். பல மாநிலங்களில் துணை அதிபர் வேட்பாளரின் பெயரும் வேண்டும். 2024-இல் சுயேச்சையாக நின்ற ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரின் நெவாடா மனுவில் துணை அதிபர் வேட்பாளர் பெயர் இல்லாததால், திரட்டிய கையெழுத்துகள் பயன்படாமல் போய் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வேட்பாளரே முடிவாகாத அமைப்புக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே, 'நாங்கள் எந்தக் கட்சியும் இல்லை' என்று வாசலில் சொல்பவர்கள் சட்டத்தின் கண்ணில் ஒரு புதிய கட்சியாகவே பதிவு பெற வேண்டியிருக்கிறது. உங்களிடம் நீட்டப்படுவதும் அநேகமாகக் கட்சிக்கான மனுவாகத்தான் இருக்கும்.

டெக்சாஸில் புதிய கட்சிக்குத் தேவையானது, கடைசியாக நடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான மொத்த ஓட்டில் 1 விழுக்காடு. 2024-இல் அது 81,000-ஐச் சற்றே தாண்டியது. 2028-க்கான எண்ணிக்கையை 2026 ஆளுநர் தேர்தலே நிர்ணயிக்கும். வினோதம் என்னவென்றால், சுயேச்சை அதிபர் வேட்பாளருக்கு முந்தைய அதிபர் தேர்தல் ஓட்டில் 1 விழுக்காடு என்று விதி இருப்பதால், தனி மனிதர் ஒருவருக்கு ஒரு முழுக் கட்சியைவிட அதிகமான கையெழுத்து தேவைப்படுகிறது: 2024-இல் 1,13,151. கட்சி மனுவுக்கான கையெழுத்தை, மார்ச்சில் அந்தக் கட்சி தன் வட்டார மாநாடுகளை நடத்தும் நாளுக்கு முன்பு வாங்க முடியாது. அதிலிருந்து 75 நாளுக்குள் பட்டியல், தேர்தலைக் கவனிக்கும் அதிகாரியான மாநிலச் செயலாளரின் கைக்குப் போய்விட வேண்டும். அதற்கு முன்பே யாராவது தாளை நீட்டினால், அது ஆதரவாளர் பட்டியலாக இருக்கலாமே தவிர, சட்டப்படி செல்லும் மனுவாக இராது.

இனி பிரைமரி விஷயம். டெக்சாஸில் வாக்காளர்கள் கட்சி வாரியாகப் பதிவு செய்துகொள்வதில்லை என்பதால், கையெழுத்துப் போட்டால் உங்கள் பதிவு மாறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் மனுவின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வாசகம் அச்சிட்டிருக்க வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம். அதன் சாரம் இதுதான்: இந்த ஆண்டில் நான் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் ஓட்டுப் போடவில்லை, வேறு கட்சியின் மாநாட்டிலும் கலந்துகொள்ளவில்லை, இதில் கையெழுத்திடுவதால் இனி அவற்றுக்கான தகுதியை இழக்கிறேன் என்பது எனக்குத் தெரியும், இப்படி இன்னொரு கட்சியின் மனுவில் கையெழுத்திடக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். கையெழுத்து வாங்குபவர் இதை உங்களுக்குச் சுட்டிக்காட்டி, வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். மாலை நேரத்து அவசரத்தில் இதைச் செய்பவர்கள் குறைவு; நீங்களே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஆக, மார்ச் பிரைமரியில் ஓட்டுப் போட்டுவிட்டீர்கள் என்றால் உங்கள் கையெழுத்து செல்லாது, அதைப் போடுவதில் பொருளில்லை. ஓட்டுப் போடாமல் இருந்து கையெழுத்திட்டால், மே மாதம் வரும் ரன்-ஆஃப் கைவிட்டுப் போகும். மார்ச்சில் யாருக்கும் பாதிக்கு மேல் ஓட்டு கிடைக்காத பதவிகளுக்கு முதல் இருவரை மட்டும் வைத்து நடத்தும் அந்தச் சுற்றில், மார்ச்சில் ஓட்டுப் போடாதவரும் ஏதாவது ஒரு கட்சியைத் தேர்ந்தெடுத்து ஓட்டுப் போட முடியும். இது சின்ன இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே கட்சி வழக்கமாக வெல்லும் தொகுதிகளில் நாடாளுமன்ற உறுப்பினரையும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரையும் உண்மையில் தேர்ந்தெடுப்பது நவம்பர் அல்ல, அந்த மார்ச்சும் மேயும்தான். அதற்கு ஈடாக உங்களுக்குக் கிடைப்பது, வாக்குச்சீட்டில் ஒரு வெற்று வரி.

வெற்று வரி என்று நான் சொல்வது மிகையில்லை. 'அமெரிக்கன்ஸ் எலெக்ட்' என்ற அமைப்பு இதே திட்டத்தோடு 2010-இல் தொடங்கப்பட்டது. இணையம் வழியாக மக்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள், அதிபர் வேட்பாளர் ஒரு கட்சியிலிருந்து வந்தால் துணை அதிபர் வேட்பாளர் இன்னொரு கட்சியிலிருந்தோ சுயேச்சையாகவோ வர வேண்டும் என்றெல்லாம் விதி வகுத்தார்கள். கலிபோர்னியாவில் மட்டும் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் தாக்கல் செய்து, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இடமும் பெற்றார்கள். ஆனால் வேட்பாளராக விரும்பியவர் பத்து மாநிலங்களில், மாநிலத்துக்கு ஆயிரம் பேர் வீதம் இணைய ஆதரவு திரட்ட வேண்டும் என்ற வரம்பை, முன்னணியில் இருந்த லூசியானாவின் முன்னாள் ஆளுநர் பட்டி ரோமர் உட்பட எவராலும் எட்ட முடியவில்லை. 2012 மே மாதத்தில் முயற்சியைக் கைவிட்டார்கள். 'நோ லேபிள்ஸ்' அமைப்பு 2024-க்காக ஏறத்தாழ இருபது மாநிலங்களில் இடம் பிடித்துவிட்டு, செனட்டர் ஜோ மான்சின் போன்றோர் மறுத்துவிட்ட பிறகு, ஏப்ரல் தொடக்கத்தில் வேட்பாளரை நிறுத்தப்போவதில்லை என்று அறிவித்தது. இடையில் அரிசோனாவில் ஒரு வேடிக்கை நடந்தது: கட்சி என்று அங்கீகாரம் கிடைத்ததும், அதன் பெயரில் வேறு பதவிகளுக்குப் போட்டியிடச் சிலர் முன்வர, அவர்களை அனுமதிக்கக் கூடாது என்று அமைப்பே மாநிலச் செயலாளருக்கு எதிராக நீதிமன்றத்துக்குப் போனது.

கையெழுத்துத் திரட்டுவது கடினம்தான். பணம் இருந்தால் முடியும். கூலிக்கு ஆள் வைத்து வாங்குவதைக் குற்றமாக்கிய கொலராடோ சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1988-இலேயே செல்லாதென்று சொல்லிவிட்டதால், உங்கள் வாசலுக்கு வருபவர் கூலிக்கு வருபவராக இருந்தாலும் அதில் தவறில்லை. பெயர் சொல்லத்தக்க ஒருவரை அந்த வரிக்குக் கொண்டுவருவதுதான் இதுவரை முடியாமல் போயிருக்கிறது. 1992-இல் ஐம்பது மாநிலங்களிலும் சீட்டில் இடம் பிடித்து 18.9 விழுக்காடு ஓட்டு வாங்கிய சுயேச்சை ராஸ் பெரோ விஷயத்தில் முதலில் வந்தது வேட்பாளர்; அமைப்பு பின்னால் வந்தது. அவருக்கும்கூட, அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவின் 538 ஓட்டுகளில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

உங்கள் மனைவி விஷயத்தில் தயக்கமே வேண்டாம். மனுவில் கையெழுத்திடத் தகுதி பதிவு பெற்ற வாக்காளருக்கு மட்டுமே; குடியுரிமை இல்லாதவர் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளவே முடியாது. அவர் போடும் கையெழுத்து சரிபார்ப்பில் தள்ளப்படும் என்பதோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. இப்படி வருபவர்கள் சிலர் கையோடு வாக்காளர் பதிவுப் படிவத்தையும் வைத்திருப்பார்கள். 'இதையும் நிரப்பிவிடுங்கள்' என்பார்கள். அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாக உரிமை கோருவது, கிரீன் கார்டு உள்ளவரை நாட்டிலிருந்து வெளியேற்றவே காரணமாகக்கூடிய குற்றம். குடியுரிமை விண்ணப்பத்திலும் வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா, குடிமகன் என்று சொல்லிக்கொண்டதுண்டா என்று கேட்கிறார்கள். அறியாமல் நடந்தது என்று பிற்பாடு விளக்குவதற்கு வழக்கறிஞரைத் தேட வேண்டிவரும். அவர் விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம். நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்குக் கூட்டரசுச் சட்டம் அதை அனுமதிக்கிறது. எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு அந்த அனுமதியும் கிடையாது.

பிறரிடம் கையெழுத்து வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டால், வாசகத்தைப் படித்துக் காட்டினேன், என் கண்முன் கையெழுத்திட்டார்கள் என்று நீங்கள் உறுதிமொழிப் பத்திரத்தில் நோட்டரி முன் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். நண்பர் வீட்டு விருந்தில் தாளைச் சுற்றுக்கு விட்டுவிட்டு, கணவருக்காக மனைவியும் மகனுக்காகத் தந்தையும் போட்டுக் கொடுத்ததை வாங்கி வந்து அப்படிச் சத்தியம் செய்ய முடியாது. படிவமும் சரியானதா என்று மாநிலச் செயலாளர் அலுவலக இணையதளத்தில் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். 2024-இல் நெவாடா மாநில அலுவலகமே தவறான படிவத்தை அனுப்பியிருந்தும், அதை நம்பிக் கையெழுத்துத் திரட்டிய பசுமைக் கட்சியை மாநில உச்ச நீதிமன்றம் சீட்டிலிருந்து நீக்கிவிட்டது.

நன்கொடைக்கு வருவோம். இப்படிப்பட்ட அமைப்புகள் பெரும்பாலும் சமூகநல அமைப்பு என்ற பிரிவில் பதிவு செய்துகொள்கின்றன. அந்தப் பிரிவில் கொடுக்கும் பணத்துக்கு வரிவிலக்கு கிடையாது. கொடுத்தவர்களின் பெயரை அவர்கள் பொதுவில் வெளியிட வேண்டிய கட்டாயமும் பொதுவாகக் கிடையாது. குறிப்பிட்ட வேட்பாளர் ஒருவரை ஆதரிக்காத வரையில், இப்படிப்பட்ட அமைப்பை அரசியல் குழுவுக்கான 5,000 டாலர் உச்சவரம்புக்குள் கொண்டுவர முடியாது என்று, 2008 தேர்தலுக்காக இதே போலத் தொடங்கப்பட்ட 'யூனிட்டி08' என்ற அமைப்பின் வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. எனவே பெரும் பணம் யாருடையது என்பது உங்களுக்குத் தெரியாமலே போகலாம். வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார், அந்த முடிவை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, வேட்பாளர் கிடைக்காவிட்டால் மீதிப் பணமும் டெக்சாஸில் பெற்ற இடமும் என்னவாகும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும் வரை, வேட்பாளரின் பெயரும் வெளிவரும் வரை, பணம் கொடுப்பதை ஒத்திவைக்கலாம் என்பது என் யோசனை. கையெழுத்தை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு பிரைமரியிலும் ரன்-ஆஃபிலும் ஓட்டுப் போடும் எண்ணம் உங்களுக்கு இல்லையென்றால் தாராளமாகப் போடுங்கள்.