கடலில் நிற்கும் இரும்புத் தூண்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை புதுச்சேரியிலும் கடலூரிலும் இருந்து மறைந்துபோன பாலங்கள், கோட்டைகள், கட்டடங்கள் பற்றியவையாக இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: காந்தி சிலைக்கு அருகே, அலை பின்வாங்கும்போது கடலுக்குள் தெரியும் இரும்புத் தூண்கள் துய்ப்ளே கட்டிய துறைமுகத்தின் மிச்சம் என்று என் பேரனுக்குச் சொல்லியிருந்தேன். அவனுடைய பள்ளி ஆசிரியர் அப்படியில்லை என்கிறாராம். எது சரி? (வாசகி, முத்தியால்பேட்டை)

ஆசிரியர் சொன்னதே சரி, அம்மா. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளே 1754-இல் பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். நீங்கள் பார்க்கும் தூண்கள் தாங்கி நின்ற கடற்பாலமோ 1866-இல் கட்டப்பட்டது. இரண்டுக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் உங்களுடைய குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 1870-இல் நிறுவப்பட்ட துய்ப்ளே சிலை, செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட கல்தூண்கள் சூழ, நெடுங்காலம் அந்தப் பாலத்தின் முகப்பில்தான் நின்றுகொண்டிருந்தது. இன்று அது கடற்கரைச் சாலையின் தென்கோடிக்குப் போய்விட்டது. ஆனால் முந்தைய தலைமுறையினர் சிலையையும் பாலத்தையும் சேர்த்தே பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா?

பாலம் வருவதற்கு முன்பு கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும்; மூட்டையும் மனிதரும் ‘சலங்கு’ என்னும் படகில்தான் கரைக்கு வரவேண்டும். ஆணி அடித்த படகை நம் கரையின் அலை உடைத்துவிடும் என்பதால், பலகைகளைத் துளையிட்டுக் கயிற்றால் தைத்து, மணலில் மோதும்போது நெளிந்துகொடுக்கும்படி சலங்கைக் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லையே தங்கள் மொழியில் எடுத்து எழுதினார்கள். நம்மவர்கள் இந்த இறங்குதுறையைப் ‘பாலம்’ என்றே சொல்வதை மறுகரை இல்லாத பாலம் என்று சிலர் கேலி செய்வதுண்டு. ஆனால் பிரெஞ்சுப் பெயரிலும் பாலம் என்ற சொல்லே இருந்தது.

அந்தப் பாலத்தை 1952-ஆம் ஆண்டுப் புயல் கொண்டுபோயிற்று. அதற்குப் பதிலாகத் தெற்கே துப்ராயப்பேட்டை அருகில் 1962-இல் அமைந்த இரண்டாவது பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் கடல் கொந்தளிப்பில் இடிந்து விழுந்தது. இவை ஒவ்வொன்றையும் கடல் ஒரே நாளில் வீழ்த்திவிட்டதாகப் பேசுகிறோம். நான் அதை முழுதாக ஒப்புவதில்லை. கடலுக்குள் எப்போதும் மூழ்கியிருக்கும் இரும்பைவிட, நீர் ஏறி இறங்கி நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் மட்டத்தில் உள்ள இரும்பே வெகு விரைவில் துருப்பிடிக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் அவ்வாறே துருவேறிப் பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். அப்படி ஆண்டுக்கணக்கில் மெலிந்துபோன தூணைத்தான் கடைசியில் ஒரு புயல் தள்ளுகிறது.

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டை ஒரு காலத்தில் சென்னைக்கே தலைமையிடமாக இருந்தது என்கிறார்கள். அப்படியானால் அங்கே ஏன் சில சிதிலங்களைத் தவிர எதுவுமே இல்லை? புதுச்சேரியில் இருந்த கோட்டைக்கும் இதே கதியா? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

இரண்டு கோட்டைகளின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும். ஏனெனில் ஒன்று இடிந்ததற்கு மற்றொன்று விலை கொடுத்தது.

உங்கள் ஊர்க் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு மிஞ்சியது அதுதான்; 1752 வரை அவர்களுடைய நிர்வாகம் அங்கிருந்தே நடந்தது. கிளைவ் 1756-இல் அதன் ஆளுநராக வந்தார். 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, வேறு எதற்கும் நேரம் ஒதுக்காமல் நேரே கடலூருக்குப் படை நடத்தி, ஜூன் 2 அன்று கோட்டையைக் கைப்பற்றினார். பிறகு அதைத் தரைமட்டமாக்கும்படி ஆணையிட்டார்.

அப்போது புதுச்சேரியில் ஐந்து கொத்தளங்களுடன் நின்ற புனித லூயி கோட்டை, பிரான்சுவா மர்த்தேன் காலத்தில், 1706-இல் முடிக்கப்பட்டது. பிரான்சின் வடக்கே உள்ள தூர்ணே கோட்டையைப் பார்த்து வரைந்த அமைப்பு என்பார்கள். 1748-இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி போஸ்காவன் முற்றுகையிட்டும் அசைக்க முடியாத அந்தக் கோட்டை, 1760-இல் தொடங்கிய ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் முற்றுகையில் பட்டினியால் தளர்ந்தது. 1761 புத்தாண்டு நாளில் அடித்த புயல், வெளியே காத்திருந்த ஆங்கிலக் கப்பல்களைச் சிதறடித்ததைக் கண்டு நகரத்தார் ஒருகணம் நம்பிக்கை கொண்டார்கள். ஆனால் உணவு வரவில்லை. ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப்பிள்ளை மறைந்ததும் அதே நாட்களில்தான். பிறகு சென்னை ஆளுநர் பிகட்டின் ஆணைப்படி கோட்டையும் மதிலும் ஆளுநர் மாளிகையும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. தேவனாம்பட்டினத்துக்குப் பதிலடி என்று இரு தரப்பும் அறிந்தே இருந்தார்கள்.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கடலூரில் கெடிலம் ஆற்றின் கரையில் சில சுவர்களாவது மிஞ்சின. புதுச்சேரியில் கோட்டை நின்ற நிலத்தின் மேல்தான் இன்று பாரதி பூங்கா இருக்கிறது. பூங்காவின் நடுவே உள்ள ஆயி மண்டபத்தின் நிழலில் கடலை தின்றுகொண்டு அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் தாங்கள் ஒரு கோட்டையின் நடுவில் உட்கார்ந்திருப்பதை அறிவார்கள் என்று நான் எண்ணிப்பார்ப்பதுண்டு.

கேள்வி: கோட்டை மதிலுக்கு வாசல்கள் இருந்தனவா? (மாணவர், லாஸ்பேட்டை)

புதுச்சேரி நகர மதிலுக்கு இருந்தன. சென்னப்பட்டணத்து வாசல், வழுதாவூர் வாசல், வில்லியனூர் வாசல், கூடலூர் வாசல் என்று அவை எந்த ஊருக்குப் போகும் வழியில் இருந்தனவோ அந்த ஊரின் பெயரைத் தாங்கியிருந்தன. மதில் போனாலும் அதன் வடிவம் போகவில்லை. வரைபடத்தில் அண்ணா சாலை, சர்தார் வல்லபாய் படேல் சாலை, சுப்பையா சாலை, கடற்கரைச் சாலை ஆகிய நான்கையும் சேர்த்துப் பாருங்கள். முட்டை வடிவில் ஒரு வளையம் தெரியும். மதில் நின்ற இடத்தில் பின்னர் போடப்பட்ட சாலைகள் அவை. உள்ளே வீதிகள் ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்வதும், வெளியே வந்தவுடன் வளைந்து நெளிவதும் அதனால்தான். நேர்வீதித் திட்டத்தை 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்தார்கள்.

கேள்வி: சம்பா கோயிலுக்கு அருகில் பழைய ஈசுவரன் கோயில் இருந்ததாகப் பாட்டி சொல்வார். உண்மையா? (வாசகி, நெல்லித்தோப்பு)

உண்மை. சம்பா கோயில் என்று நாம் சொல்லும் தேவாலயத்தின் அருகில்தான் பழைய வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேய முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, துய்ப்ளேயின் ஆட்சியில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப்பிள்ளை தம் நாட்குறிப்பில் மனம் நொந்து இதைப் பதிவு செய்திருக்கிறார். இன்று ஈசுவரன் கோயில் வீதியில் இருப்பது பின்னாளில் எழுந்த கோயில். அன்று கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த தேவாலயமும் 1761 அழிவுக்குத் தப்பவில்லை. இப்போதுள்ள சம்பா கோயில் 1791-இல் முடிக்கப்பட்டது. ஆகவே உங்கள் பாட்டி சொன்ன கோயிலும் அன்றைய தேவாலயமும் இரண்டுமே இன்று இல்லை.

கேள்வி: பெரிய வாய்க்காலின் மேல் இருந்த பாலங்கள் எங்கே போயின? (வாசகர், உப்பளம்)

பெரும்பாலும் எங்கும் போகவில்லை; அவற்றின் மேல்தான் நீங்கள் தினமும் வண்டியோட்டுகிறீர்கள். செஞ்சி சாலைக்கும் ஆம்பூர் சாலைக்கும் நடுவே ஓடும் இந்த வாய்க்கால்தான் பிரெஞ்சுக்காரர் இருந்த கிழக்குப் பகுதியையும் தமிழர் இருந்த மேற்குப் பகுதியையும் பிரித்தது. ஆகவே ஒவ்வொரு குறுக்கு வீதியும் அதைக் கடக்கும் இடத்தில் ஒரு சிறு பாலம் தேவைப்பட்டது. வாய்க்காலைச் சில இடங்களில் மூடித் தளம் போட்டுவிட்டதால், எது பாலம், எது மூடி என்று தெரியாமல் போய்விட்டது. இப்படி ஒரு பாலம் கண்ணுக்குத் தெரியாமல் போக, உப்பனாற்று வாய்க்கால் மேலே கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட பாலமோ வெறும் தூண்களாகப் பல ஆண்டுகள் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தது.

கேள்வி: கடற்கரையில் உள்ள மேரி (பிரெஞ்சில் நகரசபை) கட்டடத்தை அப்படியே திரும்பக் கட்டிவிட்டார்கள். அதைப் பழைமையான கட்டடம் என்று சொல்லலாமா? (வாசகர், முதலியார்பேட்டை)

நான் சொல்லமாட்டேன். 1870-71-இல் எழுந்து, நகரசபையாக இருந்து, இந்த ஊர்க் குடும்பங்கள் பலவற்றின் பிறப்பையும் திருமணத்தையும் பதிவு செய்த கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்துவைத்தது, ஏறத்தாழ 15 கோடி ரூபாய்ச் செலவில் அதே தோற்றத்தில் எழுப்பிய புதிய கட்டடம். அதைக் கட்டியது தவறென்று நான் கருதவில்லை. அந்த இடத்தில் கண்ணாடி மாளிகை ஒன்று எழுந்திருந்தால் கடற்கரைச் சாலையின் முகமே கெட்டிருக்கும். ஆனால் திரும்பக் கட்டிவிடலாம் என்ற தைரியம், நின்றுகொண்டிருப்பதைப் பழுதுபார்க்காமல் விடுவதற்குச் சாக்காகிவிடக்கூடாது.

அந்தக் காலத்துக் கட்டடம் எப்படி விழுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் ஊரில் கூரை பெரும்பாலும் ‘மெட்ராஸ் டெரஸ்’ முறையில் அமைந்தது: தேக்கு விட்டங்களின் மேல் சிறிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். தட்டோட்டில் ஒரு கீற்று விழுந்து, அல்லது மதில் ஓரத்தில் ஓர் அரசங்கன்று முளைத்து, அதன் வழியே இறங்கும் நீர், சுவருக்குள் செருகியிருக்கும் விட்டத்தின் முனையைத்தான் முதலில் பிடிக்கும். வெளியே தெரியும் பகுதி நன்றாகவே இருக்க, சுவருக்குள் இருக்கும் முனை உளுத்துப்போகும். ஈரம் தெரிகிறதே என்று சிமெண்டு பூசுபவர்கள் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை வெளியே விட்டுக் காய்வது, சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடுகிறது. ஒரு நல்ல ஐப்பசி மழைக்குப் பிறகு மொட்டைமாடிக்கு ஏறிப்பார்க்க ஒரு ஆளும், கொஞ்சம் சுண்ணாம்பும் இருந்தால் தடுக்கக்கூடிய அழிவு இது.

கேள்வி: தமிழர் பகுதியில் எங்களுக்குத் தாத்தா வழி வந்த தாழ்வார வீடு இருக்கிறது. நான்கு பங்காளிகள். நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். தேக்குத் தூண்களுக்கு நல்ல விலை வருகிறது என்கிறார் என் தம்பி. தங்கள் கருத்து? (வாசகர், புதுச்சேரி)

குடும்ப விவகாரத்தில் தலையிட எனக்கு உரிமையில்லை. வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முற்றம் வைத்த வீட்டில் நான்கு புறத்துக் கூரைநீரும் முற்றத்தில் விழுந்து ஒரே வழியாக வெளியேறும். முற்றத்தின் குறுக்கே சுவர் எழுப்பினால் அந்த வழி ஒரு பங்காளிக்கு மட்டும் சொந்தமாகும். மற்றவர்கள் பக்கத்தில் நீர் தேங்கும், அடுத்த மழையிலேயே அண்ணன் தம்பிகள் பேசாமல் போவார்கள். பங்குபோட்டே தீர வேண்டுமென்றால் முற்றத்தைப் பொதுவாக விட்டுவிட்டு அறைகளை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். தூண்களைப் பொறுத்தவரை, அவை அலங்காரத்துக்கு நிற்கவில்லை. தாழ்வாரத்துக் கூரையை அவைதாம் தாங்குகின்றன. உங்கள் தம்பி அவற்றை விற்றால் கிடைக்கும் பணம், கூரையைக் கழற்றி மாட்டும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் போதுமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

வைசியாள் வீதிக்குப் போய் வாருங்கள். கீழே திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் முகம், மேலே வளைவுச் சன்னல்களும் கைப்பிடிச் சுவருமாகப் பிரெஞ்சு முகம் என்று நிற்கும் வீடுகளைச் சீரமைத்ததற்காக அந்த வீதிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. அங்கே வேலை செய்த கைகளைத் தேடிப்பிடிப்பது, புதிதாக ஒருவரை நம்புவதைவிடச் சிறந்தது.

கேள்வி: எங்கள் ஊர் குண்டு உப்பலவாடி. பெயரில் உள்ள குண்டு என்ன? (வாசகி, கடலூர்)

கோட்டை பற்றி மேலே எழுதியதன் தொடர்ச்சியாகவே உங்கள் கேள்வி வந்திருக்கிறது. 1690-இல் கோட்டையை விற்றபோது, அதிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் கோட்டையோடு சேர்ந்தது என்பது ஒப்பந்தம். ஆங்கிலேயர் சும்மா இருப்பார்களா? மிகத் தொலைவு சுடக்கூடிய பீரங்கியையும் கைதேர்ந்த பீரங்கிக்காரரையும் சென்னையிலிருந்து வரவழைத்து, எல்லாத் திசையிலும் சுடச்செய்து எல்லை குறித்தார்கள். அந்த எல்லைக்குள் வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. உங்கள் ஊரின் பெயரில் இருப்பதும் அந்தக் குண்டுதான்.