பில்லில் இருந்து பாலிசிக்கு: குடும்ப மருத்துவக் காப்பீடு, கேள்வி பதில்

குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எந்தக் கம்பெனிங்க நல்லது?" என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் 16 வருடம் உட்கார்ந்திருந்தவன். பாலிசி விற்பதில்லை, கமிஷன் வாங்குவதில்லை. டிஸ்சார்ஜ் அன்று என் மேஜைக்கு முன்னால் நின்றவர்களின் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து: பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசரா இருக்கேனுங்க. எனக்கு 36, வீட்டுக்காரிக்கு 33, குழந்தைகள் ரெண்டு. மூணு கம்பெனியில விலை வாங்கி வெச்சிருக்கேன். குறைஞ்சதுக்கும் கூடுனதுக்கும் வருஷத்துக்கு 4,000 ரூபாய் வித்தியாசம். குறைஞ்சதையே எடுத்துக்கலாமுங்களா?

தம்பி, அந்த 4,000 எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் அது அறை வாடகை வரம்பில்தான் ஒளிந்திருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். பாலிசித் தொகை, அதாவது வருடத்துக்குக் கம்பெனி தரும் உச்சத் தொகை, 3 லட்சம், அறை வாடகை நாளுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் வரைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6,000 ரூபாய் ஏசி தனி அறையில் 5 நாள் இருக்கிறீர்கள். அறைக்கு 30,000. டாக்டர், மயக்க மருந்து, தியேட்டர், நர்ஸ் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்து, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை 60,000. மொத்தம் 2,10,000. அறை வித்தியாசமான 15,000ஐ மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அங்கேதான் அடி விழும். வரம்புக்கு இரண்டு மடங்கு வாடகையுள்ள அறையை எடுத்ததால் டாக்டர், தியேட்டர் செலவிலும் பாதியைத்தான் கம்பெனி தரும். அறைக்கு 15,000, டாக்டர் வகைக்கு 60,000, மருந்து பரிசோதனைக்கு 60,000. ஆக 1,35,000 வரும், மீதி 75,000 உங்கள் தலையில். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) சொல்லியிருக்கிறது. அது இல்லாத காலத்தில் அதிலும் வெட்டினார்கள்.

இதைச் சேரும்போதே டெஸ்க்கில் சொல்லுவோம். "உங்க பாலிசிக்கு ஷேரிங் ரூம்தாங்க சரியா வரும்" என்றால், "சம்பந்தி வீட்டார் பார்க்க வருவாங்க, ஷேரிங் ரூம்ல எப்படீங்க?" என்பார்கள். சம்பந்தி அரை மணி நேரம் உட்கார்ந்து, ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போவார். அந்த அரை மணி நேரத்தின் விலை 75,000.

அதனால் கம்பெனிப் பெயரை மறந்துவிட்டு, சொந்தத்தில் யாருக்காவது சமீபத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்த பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, "இதை இந்த பாலிசி தருமா?" என்று மூன்று ஏஜென்டிடமும் கேளுங்கள். அறைக்கு வரம்பு உண்டா, ஒவ்வொரு பில்லிலும் நம் பங்கு இத்தனை சதவீதம் என்ற நிபந்தனை உண்டா, கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பு உண்டா, கையுறை, ஊசிக்குழல் போன்ற மருந்தல்லாத பொருட்கள் சேருமா? நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் ஏஜென்ட் வாயால் கேட்காமல், ஆஸ்பத்திரி டெஸ்க்கிலேயே கேட்டுவிடுங்கள். இத்தனைக்கும் சரியான பதில் வந்து விலையும் குறைவு என்றால் தாராளமாக எடுங்கள்.

கோபியிலிருந்து: தோட்டந்தாங்க தொழில். அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 60. எங்க பாலிசியிலயே அவங்களையும் சேர்த்தா விலை குறையுமுன்னு சொல்றாங்க.

குறையாது, கூடும். குடும்ப பாலிசியில் பிரீமியம் போடுவது வீட்டில் மூத்தவரின் வயதை வைத்து. அப்பாவைச் சேர்த்தால் உங்கள் 5 வயதுப் பையன் இருக்கும் பாலிசிக்கும் 66 வயதுக் கணக்குத்தான். அதோடு அப்பாவின் ஒரு இதய ஆபரேஷனே மொத்தத் தொகையையும் தின்றுவிட்டால் மற்றவர்களுக்கு அந்த வருடம் ஒன்றும் மிஞ்சாது. பெரியவர்கள் இருவருக்கும் தனி பாலிசி போடுங்கள். 65 தாண்டினால் புதிதாகக் கிடைக்காது என்பது பழைய கதை. அந்த வயது வரம்பை 2024இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் உடல் பரிசோதனை கேட்பார்கள், விண்ணப்பத்தை மறுக்கவும் கம்பெனிக்கு உரிமை உண்டு.

60 வயதானவர்களுக்குப் பிரீமியத்தை ஆணையத்தின் அனுமதியில்லாமல் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 2025 தொடக்கத்தில் உத்தரவு வந்தது. அப்பாவுக்கு அது ஒரு பிடிமானம். பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுபவராக இருந்தால் பெற்றோருக்குக் கட்டும் பிரீமியத்தில் 50,000 வரை வருமான வரிக் கழிவும் (80டி என்று பழகிய பெயர்) உண்டு.

பல்லடத்திலிருந்து: எனக்கு 8 வருஷமா சர்க்கரை இருக்குதுங்க. ஏஜென்ட் அண்ணன் "அதெல்லாம் எழுத வேண்டாம், எழுதுனா ரிஜெக்ட் ஆயிரும்"கறார். அவரும் நமக்கு ஒறம்பரைதான் (சொந்தக்காரர்). என்ன செய்யட்டும்?

எழுதுங்கள் அக்கா. ஒறம்பரையைப் பகைத்துக்கொண்டாவது எழுதுங்கள்.

நான் கண்ணால் பார்த்தது. ஒரு வீட்டில் பெரியவருக்கு நெஞ்சு வலி. அவசரப் பிரிவில் டூட்டி டாக்டர் கேட்கிறார், "சர்க்கரை எத்தனை வருஷமா?" பக்கத்தில் நிற்கும் மகள் பதற்றத்தில், "பத்து வருஷமாச்சுங்க டாக்டர், மாத்திரை ஒழுங்கா போடறதில்லீங்க" என்கிறாள். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. பாலிசி எடுத்து 2 வருடம்தான். விண்ணப்பத்தில் சர்க்கரைக்கு நேராக "இல்லை" என்று டிக். நான்காம் நாள் மாலை மறுப்புக் கடிதம் வந்தது. மகள் என்னிடம் வந்து, "அந்தத் தாளைக் கொஞ்சம் மாத்த முடியுமாங்கண்ணா?" என்றாள். முடியாது. அந்தப் பிள்ளை உண்மையைத்தான் சொன்னாள். பொய் எழுதியது டிக் போட்ட பேனா. அந்தப் பேனாவைப் பிடித்தவர் அன்று போனையே எடுக்கவில்லை.

சர்க்கரையை எழுதினால் என்ன ஆகும்? பிரீமியம் கொஞ்சம் கூடலாம், அது சார்ந்த சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள், அது முடியும்வரை அந்தச் சிகிச்சைக்குப் பணம் வராது. அது இப்போது அதிகபட்சம் 3 வருடம். முன்பு 4 வருடமாக இருந்தது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு எதற்காகவும் "அன்று சொல்லவில்லை" என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. "அப்போ அஞ்சு வருஷம் மறைச்சு ஓட்டிட்டா?" என்று கேட்பீர்கள். அந்த 5 வருடத்தில் நெஞ்சு வலி வராது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

பாலிசி கைக்கு வந்ததும் கூடவே வரும் விண்ணப்ப நகலைப் படியுங்கள். நீங்கள் சொன்னது ஒன்று, அவர் எழுதியது ஒன்றாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சோமனூரிலிருந்து: தறிக்குப் போறோமுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குது. தனியாரும் வேணுமா?

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருப்பவர்களுக்கான திட்டம் அது. வருடத்துக்கு 5 லட்சம் வரை, பிரீமியம் இல்லை. பட்டியலில் உள்ள ஆபரேஷன், சிகிச்சைகளுக்குப் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். கடன் வாங்கித் தனியார் பாலிசி எடுக்கச் சொல்லமாட்டேன். அட்டையில் வீட்டில் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே பாருங்கள். மருமகள் பெயர் விட்டுப்போனது ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு தெரிந்த வீடுகள் நிறைய. மகன் மில்லில் 21,000க்குள் சம்பளம் வாங்கினால் இஎஸ்ஐ பிடித்திருப்பார்கள். அது தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து: அரசு கம்பெனியா, தனியாரா? கிளைம் விகிதத்தைப் பார்த்தால் அரசு கம்பெனிகள்தான் அள்ளிக் கொடுக்கிற மாதிரி இருக்கிறதே?

நல்ல கேள்வி, ஆனால் அந்த எண் ஏமாற்றும். 2023-24இல் பொதுத்துறைக் கம்பெனிகள் 100 ரூபாய் பிரீமியத்துக்கு 103 ரூபாய் அளவுக்குக் கிளைம் கொடுத்தன. மருத்துவக் காப்பீடு மட்டும் செய்யும் தனிக் கம்பெனிகள் 65 ரூபாய் அளவுக்கு. பார்த்தால் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம். ஆனால் பொதுத்துறையின் கணக்கில் பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்கு மொத்தமாக எடுக்கும் குரூப் பாலிசி நிறைய. அவற்றைப் போட்டிக்காக அடிமாட்டு விலைக்குக் கொடுத்து நஷ்டப்படுகிறார்கள். அந்தத் தாராளம் உங்கள் வீட்டு பாலிசிக்கும் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. 65 என்பதும் 35 பேருக்கு மறுத்தார்கள் என்று பொருளல்ல. அது பணத்தின் கணக்கு, ஆட்களின் கணக்கு அல்ல. 100க்கு மேல் போனால் அடுத்த வருடம் விலையை ஏற்றுவார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

என் அனுபவத்தில் பொதுத்துறையில் விலை ஏற்றம் மெதுவாக இருந்தது, அறை வரம்பு இறுக்கமாக இருந்தது. தனிக் கம்பெனிகளில் வசதிகள் கூடுதல், ஒப்புதல் வேகம், கேள்விகளும் கூடுதல். நான் விகிதத்தைவிட அதிகம் மதிப்பது, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான ஆம்புட்ஸ்மேனின் ஆண்டறிக்கையில் எந்தக் கம்பெனி மேல் எத்தனை புகார் என்ற கணக்கை. அதையும் கம்பெனியின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெரிய கம்பெனிக்குப் புகாரும் பெரிதாகத்தான் இருக்கும்.

கரூரிலிருந்து: 5 லட்சம் பத்தாதுன்னு தோணுது. 25 லட்சத்துக்கு எடுக்கக் கட்டுபடியாகலை.

5 லட்சம் அடிப்படை பாலிசி, அதன் மேல் 20 லட்சத்துக்கு சூப்பர் டாப்-அப், அதாவது 5 லட்சத்தைத் தாண்டிய செலவுக்கு மட்டும் தரும் பாலிசி. நேரடியாக 25 லட்சம் எடுப்பதைவிடப் பொதுவாக மலிவு. ஏஜென்ட் "டாப்-அப்" என்று மட்டும் சொன்னால் நிறுத்திக் கேளுங்கள். ஒரே வருடத்தில் 4 லட்சம் பில் இரண்டு முறை வருகிறது என்று வைப்போம். வெறும் டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். எதுவும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை, அதனால் காலணா வராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 8 லட்சம் என்று எடுத்து மேலே உள்ள 3 லட்சத்தைக் கொடுக்கும். ஒரு வார்த்தைக்கு 3 லட்சம்.

திருச்செங்கோட்டிலிருந்து: போர்வெல் ரிக் வண்டி வெச்சிருக்கேன். வருஷத்துல பாதி நாள் வடக்கதான். அங்க செல்லுமுங்களா?

இந்தியா முழுக்கச் செல்லும். ஆனால் சில கம்பெனிகள் ஊரை மண்டலமாகப் பிரித்து விலை வைக்கின்றன. நம் ஊர் விலையில் எடுத்துவிட்டு மும்பையிலோ டெல்லியிலோ சேர்ந்தால் பில்லில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். அதைக் கேட்டு எடுங்கள். புது பாலிசிக்குப் பொதுவாக உள்ள 30 நாள் காத்திருப்பு விபத்துக்குக் கிடையாது, முதல் நாளிலிருந்தே உண்டு. வண்டியில் போகும் ஆட்களுக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடும் போட்டுவிடுங்கள்.

சத்தியமங்கலத்திலிருந்து: தை மாசம் கல்யாணம். பிரசவத்துக்கு எடுக்கலாமா?

பிரசவத்துக்குக் காத்திருப்பு பெரும்பாலும் 9 மாதத்திலிருந்து சில வருடங்கள் வரை, பாலிசிக்குப் பாலிசி மாறும். அதற்கென்று கட்டும் கூடுதல் பிரீமியத்தையும் அவர்கள் தரும் உச்சத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பல சமயம் சீட்டுப் போடுவதே மேல் என்று தெரியும்.

பொள்ளாச்சியிலிருந்து: வருஷா வருஷம் விலை ஏத்தறாங்க. வேற கம்பெனிக்கு மாறுனா, கழிஞ்ச காத்திருப்பு வருஷமெல்லாம் வீணாப் போயிருமா?

போகாது. பழைய பாலிசித் தொகை அளவுக்கு அந்த வருடங்கள் கூடவே வரும். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்னதாகவே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். புதுக் கம்பெனி "சரி" என்று எழுத்தில் சொல்லும்வரை பழையதை விடாதீர்கள். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் வீட்டு மருத்துவ பாலிசிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போய்விட்டது. பழைய ரசீதோடு புது விலையை ஒப்பிடும்போது வரியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் ஏற்றியது தெரியாது.

அவிநாசியிலிருந்து: மாமனாருக்கு ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் காலையில 10 மணிக்கே போகச் சொல்லிட்டார். அப்ரூவல் வர ராத்திரி 9 ஆயிருச்சு. அதுலயும் ஒரு பகுதியை மறுத்துட்டாங்க. யார்கிட்டங்க போறது?

அம்மணி, விதிப்படி, ஆஸ்பத்திரியிலிருந்து கோரிக்கை போன 3 மணி நேரத்துக்குள் கம்பெனி இறுதி ஒப்புதல் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால் அது கம்பெனியின் பொறுப்பு. ஆனால் 10 மணி என்பது டாக்டர் சொன்ன நேரம். டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகி, மருந்துக் கணக்கு முடிந்து, பில் டெஸ்க்குக்கு வரவே மத்தியானம் ஆகிவிடும். அதனால் கோரிக்கை எத்தனை மணிக்குப் போனது என்று டெஸ்க்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மறுத்த பகுதிக்கு, எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனிக்குள் கிளைம் மறுஆய்வுக் குழு பார்க்காமல் மறுக்கக் கூடாது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலோ 155255 எண்ணிலோ புகாரைப் பதிவு செய்யலாம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதுங்கள். 50 லட்சம் வரை அவர் விசாரிக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, விசாரணையை வீடியோவிலும் நடத்துகிறார்கள்.

எழுதும்போது ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் முழு நகலையும் கேட்டு வாங்கி இணையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு பெரும்பாலும் கீழ்த்தளத்தில், மருந்துக் கடைக்குப் பின்னால் இருக்கும். மாமனார் கையெழுத்திட்ட கடிதமும் ஆதார் நகலும் கொண்டு போனால் தருவார்கள்.