ஏஆர் காலர் வேலை – கடிதம்

ஐயா,

பி.பி.ஓ. பற்றிய கட்டுரையில் கால் சென்டர்களைப் பற்றியே எழுதியிருந்தீர்கள். எங்கள் திருச்சியில் பெருகியிருப்பது மெடிக்கல் பில்லிங், அதாவது அமெரிக்க டாக்டர்களின் பில்களைக் கவனிக்கும் வேலை. பி.எஸ்ஸி. முடித்த என் தங்கை ஏஆர் காலராக (வர வேண்டிய பாக்கியைப் போனில் கேட்பவராக) சேர்ந்திருக்கிறாள். "ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரனிடம் பாக்கி கேட்கிற வேலை" என்கிறார் அப்பா. இந்த வேலை எப்படி இங்கே வந்தது? ஏஐ வந்தபின் நிற்குமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பாக்கி கேட்பது சரி. ஆனால் கேட்பது நோயாளியிடம் அல்ல, இன்சூரன்ஸ் கம்பெனியிடம். அதை முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

தொண்ணூறுகளில் அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்ததை இங்கே இரவில் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். வழி திறந்தது அப்படித்தான். 2002 ஏப்ரலில் வெளிநாட்டு அழைப்புகளில் விஎஸ்என்எல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஏகபோகம் முடிந்தது. இணைப்புக் கட்டணம் இறங்கியது. ஆனால் மலிவு மட்டும் காரணமில்லை. அமெரிக்க பில்லிங்கின் சிக்கல்தான் இங்கே சோறு போடுகிறது. 2015 அக்டோபர் 1 அன்று அங்கே நோய்களுக்கான குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-9 போய் ஐசிடி-10 வந்தது. சுமார் 14,000 ஆக இருந்த நோய்க் கோடுகள் 68,000-ஐத் தாண்டின. அத்தனைக்கும் ஆள் வேண்டுமே!

ஒரு கிளெய்மை, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு டாக்டர் தரப்பு அனுப்பும் பில்லைப் பாருங்கள். முழங்கால் வலியோடு வந்தவரை டாக்டர் பரிசோதிக்கிறார்: கோடு 99213. அன்றே மூட்டில் ஊசி போடுகிறார்: 20610. ஊசிக்குப் பணம் வருகிறது, பரிசோதனைக்கு 'சிஓ-97' என்று மறுப்பு வருகிறது. இது அதற்குள் அடக்கம் என்று பொருள். 'சிஓ' என்றால் நோயாளியிடம் வசூலிக்க முடியாது, டாக்டருக்கு நஷ்டம். 'பிஆர்' என்றிருந்தால் நோயாளி கட்ட வேண்டியது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்த இரண்டெழுத்தில்தான் முதலில் சறுக்குவார்கள்.

இப்போது டாக்டரின் குறிப்பைத் திறக்க வேண்டும். ஊசியைத் தாண்டித் தனியாகப் பரிசோதனை நடந்ததாக அதில் இருந்தால் மட்டுமே 99213-உடன் 'இது தனிப் பரிசோதனை' என்று காட்டும் மாடிஃபையர் 25 சேர்க்கலாம். இல்லாமல் சேர்த்தால் மோசடி. தனியார் இன்சூரன்ஸ் என்றால் திருத்திய கிளெய்மில், 'பழையதற்குப் பதில் இது' என்று சொல்லும் ஃப்ரீக்வென்சி கோடு 7-ஐயும் பழைய கிளெய்ம் எண்ணையும் போட வேண்டும். அவசரத்தில் புதுக் கிளெய்மாக அனுப்பினால் 'டூப்ளிகேட்' என்று சிஓ-18 வந்து நிற்கும். அதற்குள் கெடு முடிந்தால் சிஓ-29. பெரும்பாலும் அந்தப் பணம் போனதுதான். முதியோருக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸான மெடிகேருக்குச் சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டு கெடு; தனியாரில் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், பலதில் இன்னும் குறைவு.

போனை வைக்குமுன் மறுப்புத் தேதி, அப்பீல் கெடு, எந்த முகவரி அல்லது ஃபேக்ஸ், கால் ரெஃபரன்ஸ் எண் எல்லாம் நோட்ஸில் ஏறியிருக்க வேண்டும். ரெஃபரன்ஸ் எண் விட்டுப்போனால் அந்த அரைமணிநேர ஹோல்டு வீண். "அப்படி யாரும் சொல்லவில்லை" என்பான் மறுநாள் பேசுகிறவன்.

ஏஐ பற்றி: "கிளெய்ம் எந்த நிலையில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்கும் அழைப்புகள் இப்போதே மென்பொருளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அதை மட்டும் தெரிந்தவர் பாடு கஷ்டம்தான். 25 போடலாமா கூடாதா என்று குறிப்பைப் படித்துச் சொல்பவரின் இடம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்பது என் கணிப்பு. தங்கை பி.எஸ்ஸி.யில் உயிரியல் பக்கம் என்றால் இரண்டு வருடத்துக்குள் சிபிசி என்ற மெடிக்கல் கோடிங் தேர்வு எழுதட்டும். குறிப்பைப் படித்துக் கோடு போடும் அந்த வேலையில் பெரும்பாலும் போனே இல்லை.

இன்னொன்று, நவம்பரில் அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணிநேரம் பின்னே போகும். நியூயார்க்கின் காலை எட்டு மணி நமக்கு மாலை 5.30-லிருந்து 6.30 ஆகும். ஷிப்ட் தள்ளிப்போனால் வீட்டில் பதற வேண்டாம்.