வயிற்றுக் கேள்விகளும் வாய்க்கால் பலகையும்

மன்னார்குடி வாசகர்: ரத்தம், மலம், குழாய் விட்டுப் பார்த்தது எல்லாம் நார்மல். ஐபிஎஸ் (IBS) என்ற குடல் எரிச்சல் நோய், மனசுதான் காரணம் என்று அனுப்பிவிட்டார்கள். காலையில் மூன்று முறை ஓடுகிறேன், பஸ் ஏறவே பயம். எல்லாம் என் கற்பனையா டாக்டர்?

பதில்: இல்லை. குழாய் கேமராவுக்குத் தெரியாத அளவிலும் கோளாறு இருக்கும். மேட்டூரில் திறந்துவிட்டாலும் வாய்க்கால் தலைப்பில் பலகையை இறக்கினால் வயலுக்குத் தண்ணீர் வராது, இல்லையா? புரதம் செய்யச் சொல்லி மரபணுவிலிருந்து கிளம்பும் தூது ஆர்.என்.ஏதான் தண்ணீர். அதில் ஒட்டி மறிக்கும் பலகை, மைக்ரோ ஆர்.என்.ஏ. நீளம் சுமார் 22 எழுத்து, அவ்வளவுதான். 1993இல் ஒரு புழுவில் இதைக் கண்ட அம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் கிடைத்தது.

வயிற்றுப்போக்கு வகை ஐபிஎஸ் உள்ள சிலரின் குடல் திசுவில் 29ஆம் எண் மைக்ரோ ஆர்.என்.ஏ கூடியிருந்தது. குடல் செல்களுக்கு நடுவே உள்ள இடுக்கை அடைக்கும் கிளாடின்-1 புரதத்தை அது குறைத்துவிடுகிறது. வரப்பில் நண்டு வளை மாதிரி. மேலே பார்த்தால் வரப்பு நன்றாகத்தான் இருக்கும். விடிந்து போனால் வயலில் தண்ணீர் நிற்காது.

கும்பகோணம் வாசகி: கொஞ்சம் வாயு சேர்ந்தாலே சுருட்டிப் பிடிக்கிறது. அதே சாப்பாடு என் வீட்டுக்காரரை ஒன்றும் செய்வதில்லையே?

பதில்: அவர் கொடுத்துவைத்தவர். இங்கே கதை தலைகீழ். ஐபிஎஸ் உள்ள சிலரில் 199ஆம் எண் பலகை குறைந்திருந்தது. அதனால் டிஆர்பிவி1 என்ற வலி ஏற்பி, அதாவது வலியை உணரும் புரதம், கூடிப்போகிறது. மிளகாய்க் காரத்தை நாக்கில் எரிச்சலாக உணர்த்துவதும் இதே ஏற்பிதான். வாயு அதே அளவுதான், உங்கள் குடலுக்கு அது வலியாகக் கேட்கிறது.

மயிலாடுதுறை மாணவர்: அப்படியானால் மைக்ரோ ஆர்.என்.ஏ டெஸ்ட் எடுத்துவிடலாமா சார்?

பதில்: காசை வீணாக்காதீர்கள், தம்பி. இந்தப் பலகைகள் வேறு பல நோய்களிலும் ஏறி இறங்கும். ஐபிஎஸ்ஸை முக்கியமாகக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறோம்: கடந்த 3 மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வலி, மலம் போவதோடு அதற்குத் தொடர்பு, தொடங்கி 6 மாதமாவது ஆகியிருப்பது. டெஸ்டுக்கு வைத்திருக்கும் பணத்தை விடுங்கள். இரண்டு வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வலித்தது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வெங்காயம், பயறு, டிகிரி காபி மூன்றையும் தனித்தனியே குறியுங்கள்.

பாபநாசம் வாசகர்: வயது 54. இரண்டு மாதமாகத்தான் இப்படி. எடை குறைகிறது, மலத்தில் ரத்தமும் வருகிறது. இதுவும் ஐபிஎஸ்தானே?

பதில்: ஐபிஎஸ்ஸில் ரத்தம் வராது ஐயா. மூலம் என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். நாளைக்கே நேரில் போய்க் காட்டுங்கள்.