அப்பா அடித்த பாராங் கத்தி படத்தில் மட்டும் ஏன் தகரமாகத் தெரிகிறது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, அப்பா தோட்டத்துப் பட்டறையில் இருந்தவர், இப்போது வீட்டிலேயே லாரி ஸ்பிரிங் பட்டையில் பாராங் அடிக்கிறார். கையில் வாங்கிப் பார்த்தவர்கள் கீழே வைக்க மாட்டேன் என்கிறார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) படம் போட்டால் வெறும் தகரம். ஒரு பக்கம் வெள்ளையடிக்கிறது, மறுபக்கம் என் மூஞ்சி தெரிகிறது. நல்ல கேமரா வாங்கணுமா?"

வேண்டாம் தம்பி, கைப்பேசியே போதும். தீட்டிய இரும்பு கிட்டத்தட்ட முகம் பார்க்கும் கண்ணாடி, எதிரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். நான் ஒருமுறை சிவப்புச் சட்டையோடு நின்று ஒரு சமையல் கத்தியை எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் கத்தியின் வெட்டுவாய் நெடுக ரத்தம் பூசின மாதிரி இருந்தது. அதனால் பிளாஷை அணையுங்கள், கறுப்புச் சட்டை போடுங்கள்.

இடத்துக்கு எங்கும் அலைய வேண்டாம், நேர் வெயில் விழாத கடை அஞ்சடி, அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை, அருமையான ஸ்டூடியோ. ஆனால் மேலே எரிகிற டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாதிக் கத்தி பச்சையடிக்கும். பழைய பலகையில் கத்தியைக் கிடத்தி, வெளிச்சம் வருகிற பக்கத்துக்கு எதிரே டிவி பெட்டியில் வந்த வெள்ளை பாலிஸ்டைரின் பலகையை நிறுத்துங்கள். அப்புறம் கத்தியின் முதுகுக்கு அடியில் இரண்டு மூன்று காசை அடுக்கிப் பாருங்கள். கத்தி 5 பாகை சாய்ந்தால் அதில் தெரியும் பிம்பம் 10 பாகை நகரும், அதனால்தான் ஒரு காசு கூடக்குறைய வைத்தாலே கரியாக இருந்த இரும்பு பளிச்சென்று வெள்ளையாகிறது. வெள்ளை கத்தி முழுக்கப் பரவும்வரை காசையும் பலகையையும் மாற்றி மாற்றி நகர்த்துங்கள்.

முழுக்க வெள்ளையாகிவிட்டால் காகிதத்தில் வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும். அங்கேதான் கறுப்பு மணிலா அட்டை. விரலகலத் துண்டு ஒன்றை வெள்ளைப் பலகையின் ஓரத்தில் சாய்த்து வையுங்கள். கத்தியின் தட்டைப் பகுதி ஒன்றைப் பார்க்கும், வாயை நோக்கிச் சரிகிற பகுதி வேறொன்றைப் பார்க்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு எழும்பி வரும். அந்தக் கோடு அலையாமல் நுனிவரை ஓடினால் அப்பாவின் கை எவ்வளவு நிதானம் என்று வாங்குகிறவருக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். சம்மட்டித் தழும்பு தெரிய வேண்டுமா, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்த்தி வருடினாற்போல விழவிடுங்கள்.

ரொம்பக் கிட்டே போகாதீர்கள், பிடி பூதமாகி நுனி சூம்பிவிடும். ஒரு மீட்டர் தள்ளி நின்று 2 அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுங்கள். திரையில் கத்திமேல் அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி, 2 நொடி டைமர் வையுங்கள். கேமரா வைத்திருப்பவர்களுக்கு லென்ஸ் துளை அளவு எஃப் 8 முதல் 11 வரை சரி, 16-ஐத் தாண்டினால் கூர்மை குறையும். லென்ஸ் முன்னால் மாட்டுகிற போலரைசர் என்ற வடிகட்டியை வாங்கச் சொல்வார்கள். வார்னிஷ் அடித்த பிடியின் பளபளப்பை அது அடக்கும், வெறும் இரும்பில் அதன் பருப்பு வேகாது.

எடுக்குமுன் துணியால் துடைத்து, எண்ணெய் இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லிசாகத் தடவுங்கள், விரலை வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்தில் நான் துடைக்காமல் வைத்த ஒரு கத்தியில் இரண்டே நாளில் என் கட்டைவிரல் ரேகை துருவாக ஏறியிருந்தது. கத்திக்கு உரியவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடம்.

முழுக் கத்தியோடு இந்தப் படங்களும் வேண்டும்: முதுகை நேர்மேலிருந்து ஒன்று, பூண் பிடியோடு சேரும் இடத்தில் ஒன்று, பக்கத்தில் அடிக்கோல் வைத்து ஒன்று. முதுகில் ஒட்டியிருக்கும், இரும்பைக் காய்ச்சும்போது படிகிற கறுப்புத் தோலை எடிட்டிங்கில் துடைக்காதீர்கள், பட்டறையில் அடித்ததற்கு அதுவும் ஓர் அடையாளம். அப்பா பிடித்திருக்கிற மாதிரியும் ஒன்று எடுங்கள், பிடியின் தடிமன் அதில்தான் புரியும். அவருக்கும் கறுப்புச் சட்டைதான்.