கப்பலே தளமாகும் துறை: எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது?

மதிப்புக்குரிய ஐயா,

கரையில் தளம் கிடைக்காத இடங்களில் கப்பல்களையே தளமாகக் கொண்டு முப்படைகளும் இணைந்து இயங்கும் துறையில் பணியாற்றத் தங்கள் மகள் விரும்புவதையும், அது அவரைப் போர்முனைக்கே இட்டுச் செல்லுமோ எனத் தாங்கள் அஞ்சுவதையும் கடிதத்தில் அறிந்தேன். ஆபத்தே இல்லாத துறை என்று ஆறுதல் கூற மாட்டேன். ஆயினும் இங்குள்ள வேலையில் பெரும்பகுதி சுடுவதல்ல. ஆட்களையும் பொருள்களையும் உரிய நேரத்தில் இடம் மாற்றுவதே.

1982-இல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து போரில் 'அட்லாண்டிக் கன்வேயர்' என்ற வணிகக் கப்பலில் பிரிட்டன் ஹெலிகாப்டர்களையும் கூடாரங்களையும் ஏற்றி அனுப்பியது. மே 25 அன்று ஏவுகணை தாக்கியதில் மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் கப்பலோடு அழிந்தன. அப்போது பறந்துகொண்டிருந்த ஒன்று மட்டும் தப்பியது. பறந்து செல்ல வேண்டிய வீரர்கள் சுமைகளை முதுகில் தூக்கிக்கொண்டு சதுப்பு நிலத்தில் நடந்தே போக நேர்ந்தது. எதை எந்தக் கப்பலில் ஏற்றுவது, எவ்வளவு பிரித்து வைப்பது என்று முடிவு செய்யும் லாஜிஸ்டிக்ஸ் திட்டமிடுநரின் பொறுப்பு எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கடல் அலையும் ஓர் எதிரிதான். 2024-இல் காஸா கரையில் அமெரிக்க ராணுவம் நிறுவிய மிதக்கும் துறைமேடை, செயல்படத் தொடங்கிய சில நாட்களிலேயே கடல் கொந்தளிப்பில் சேதமடைந்தது. அருகருகே ஆடும் இரு கப்பல்களுக்கிடையே கனமான வாகனத்தை மாற்றுவது இன்னமும் முழுமையாகத் தீராத பொறியியல் சிக்கல். ஆகவே தங்கள் மகளுக்குக் கணிதமும் இயற்பியலும் பிடிக்குமானால், கப்பல் வடிவமைப்பு அல்லது கடல்சார் பொறியியல் படிப்பையே முதலில் பரிந்துரைப்பேன். பாதுகாப்பு உத்தி பற்றிய பட்டத்தை இளநிலையிலேயே எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒரு தொழிலறிவு கைவந்த பின் அதை முதுநிலையில் படித்துக்கொள்ளலாம். தகவல் தொடர்புப் பொறியியலும் நல்ல வழியே: 1994-இல் ஹெய்ட்டி நடவடிக்கைக்காக அமெரிக்காவின் 'ஐசனோவர்' விமானந்தாங்கிக் கப்பலில் தரைப்படையும் அதன் ஹெலிகாப்டர்களும் ஏறியதைப் போல வெவ்வேறு படைகள் ஒரே கப்பலில் கூடும்போது, அவற்றின் வானொலிகளும் நடைமுறைகளும் ஒத்துப்போகச் செய்ய ஆள் வேண்டும்.

சீருடை ஒன்றே வழி என்றும் எண்ண வேண்டாம். எண்ணெய்க் கப்பல் வடிவமைப்பிலிருந்து உருவான அமெரிக்காவின் 'லூயிஸ் பி. புல்லர்' மிதக்கும் தளத்தில் கடற்படையினரோடு குடிமை மாலுமிகளும் பணிபுரிந்திருக்கிறார்கள். வடிவமைப்பு நிறுவனங்களிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் கரையிலேயே இருந்து செய்யும் வேலைகளும் உண்டு.

கப்பலை இயக்கும் பணிக்கும் விமானம் ஓட்டும் பணிக்கும் நிறப்பார்வை விதிகள் கடுமையானவை. எனவே எந்த விண்ணப்பத்தையும் நிரப்புவதற்கு முன்பே அவருக்குக் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். அதன் முடிவையும் கணித, இயற்பியல் மதிப்பெண்களையும் அனுப்பினால் அடுத்த கட்டத்தைப் பேசலாம்.