கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர் எனக்கு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தேன். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சென்னையில் பொறியியல் இடம் கிடைத்தது. முதல் நாள் எல்லோரும் எழுந்து ஆங்கிலத்தில் தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். பெயரையும் ஊரையும் சொன்னேன், அதற்கு மேல் வாய் வரவில்லை. யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து கடைசி பெஞ்ச்தான். மெஸ்ஸில் கூட்டம் கலைந்தபின் ஒன்பது மணிக்குச் சாப்பிடப் போகிறேன். அம்மா கேட்டால் நிறைய நண்பர்கள் இருப்பதாகச் சொல்கிறேன். ஊருக்கே திரும்பி வேறு கல்லூரியில் சேர்ந்துவிடலாமா என்று தோன்றுகிறது. என் கூச்சம் போகுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மாவிடம் சொல்லும் அந்தப் பொய்தான் என்னை மிகவும் வருத்தியது. நானும் சொல்லியிருக்கிறேன், கடிதத்தில்.

கூச்சம் முழுதாகப் போகாது. ஐம்பது வயதைக் கடந்த பிறகும் மேடை ஏறுமுன் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. ஆனால் அன்று உங்கள் வாயைக் கட்டியது கூச்சம் மட்டும்தானா? இவ்வளவு தெளிவான தமிழில் மனத்தைத் திறந்து எழுதுகிறவருக்குச் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. அங்கே இல்லாமல் போனது ஆங்கிலம். அது பழக்கத்தில் வரும். அதையும் உங்கள் சுபாவத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, ‘நான் இப்படித்தான்’ என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

‘தைரியமாகப் பேசு’ என்று பலரும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். முதலாண்டில் நட்புக்குத் தேவைப்படுவது தைரியத்தைவிட நேரம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறதாம். அவர் ஆராய்ந்தவர்களில் புதிதாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்களும் உண்டு. எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டியவர் ஒன்பது மணிக்குப் போகும்போது, அந்த மணிக்கணக்கு தொடங்கவே இடம் கொடுக்காமல் இருக்கிறீர்கள். பேச வேண்டாம். எட்டு மணிக்குப் போங்கள், ஒரே மேசையில் உட்காருங்கள். சாம்பார் வாளியைத் தள்ளிவிடச் சொல்வதற்கு மேல் ஒரு வார்த்தையும் முதல் இரண்டு வாரம் தேவையில்லை.

பொறியியல் கல்லூரியில் எனக்கு முதல் நண்பன் கிடைத்தது ஒர்க்‌ஷாப்பில். இரும்புத் தகட்டை வைஸில் பிடித்து அரத்தால் ராவிக்கொண்டிருந்தோம். என்னுடையது கோணலாகவே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவன் ஒன்றும் சொல்லாமல் மூலைமட்டத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தான். மறு வாரம் வரைகலை வகுப்பில் அவனுடைய டிராஃப்டர், அதாவது கோடு வரையும் கருவி, ஆடியது. அதன் திருகாணியை நான் முடுக்கிக் கொடுத்தேன். பேச்சு அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. கூச்சக்காரர்களுக்குக் கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை, மௌனமும் உறுத்தாது. பொறியியல் முதலாண்டில் அந்த வசதி வாரந்தோறும் இருக்கிறது. அந்த வகுப்புகளுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போங்கள்.

சிரித்தவர்களைப் பற்றி ஒன்று. அவர்களுக்கு அந்தக் காலை இப்போது நினைவில் இருக்காது என்றே நினைக்கிறேன். மற்றவர்கள் நம்மை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கணிப்பதில் நாம் மோசமானவர்கள். உளவியலாளர்கள் சிலர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், புதியவர்கள் இருவர் பேசி முடித்தபின், எதிரே இருந்தவருக்குத் தன்னைப் பிடித்திருக்கும் அளவைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். விடுதியில் ஒன்றாகத் தங்கிய முதலாண்டு மாணவர்களிடமும் இந்தத் தவறான கணிப்பு மாதக்கணக்கில் நீடித்தது.

படிப்பில்தான் எனக்குக் கவலை. கூச்சம் நண்பர்களைத் தள்ளிப்போடும், சரி. சந்தேகங்களைத் தள்ளிப்போட்டால் அரியர் விழும். வகுப்பில் கை தூக்க வேண்டாம். புரியாத வரியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் நீட்டுங்கள். தமிழிலேயே கேளுங்கள். தமிழ் வழியில் படித்து வந்த ஆசிரியர்கள் நம் கல்லூரிகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெஞ்ச்சையும் மாற்றுங்கள். முதல் வரிசைக்கு வர வேண்டாம், மூன்றாவது போதும்.

ஊருக்குத் திரும்புவது பற்றி: ஊர்ப் பக்கக் கல்லூரி எதுவும் குறைந்தது இல்லை. ஆனால் பயந்து போகாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று 2021-இல் சட்டம் இயற்றி ஒதுக்கி வைத்த இடம்தான் உங்கள் பொறியியல் இடம். உங்கள் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. யாரும் உங்களுக்குச் சலுகையாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. அந்த நாற்காலியில் முழு உரிமையோடு உட்காருங்கள்.

இது ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். தூக்கம் வராமலோ சாப்பாடு இறங்காமலோ நாட்கள் போனால், 14416 என்ற இலவச மனநல எண்ணை அழையுங்கள். தமிழில் பேசலாம்.

அம்மாவிடம் இன்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் முதல் செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போய்த்தான் சொன்னேன். “எனக்கு அப்பவே தெரியும்டா” என்றார்.